செக் திரும்பிய இரவில் தேடுகிறவருக்கு எழுதுங்கள்

வாசகர் கடிதத்தின் சுருக்கம்: “நானும் சட்டக் கல்லூரியில் உடன் படித்த நண்பரும் ஏழு வருடம் மதுரையில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தோம். மூன்று மாதத்துக்கு முன் திண்டுக்கல்லில் தனியாக ஆபீஸ் போட்டிருக்கிறோம். சிவில், குடும்ப வழக்கு, செக் கேஸ் எங்களுக்குப் பழக்கம். கட்சிக்காரர் வரத்துதான் இல்லை. ஒரு விளம்பர ஏஜென்சி, மாதம் 18,000 ரூபாய் கொடுத்தால் எங்கள் பெயரில் வலைப்பூ தொடங்கி மாதம் இருபது கட்டுரை போடுகிறோம், ‘திண்டுக்கல்லின் நம்பர் ஒன் வக்கீல்கள்’ என்று கூகுளில் முதலில் வரவைக்கிறோம் என்கிறது. சீனியரோ, ‘வக்கீலுக்கு எதுக்குய்யா பிளாக்’ என்கிறார். தொடங்கலாமா? கவுன் போட்ட போட்டோ வைக்கலாமா?”

தம்பி, ஏஜென்சியிடம் வேண்டாமென்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். எழுதுவதை மட்டும் விடாதீர்கள். உங்கள் சீனியர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. முதலில் அந்தப் பாதியைப் பார்த்துவிடலாம்.

அவர் மனதில் இருப்பது, வக்கீல்களின் தொழில் ஒழுக்கத்துக்கு விதி வகுக்கும் இந்திய பார் கவுன்சிலின் 36ஆம் விதி. நீங்களும் பரீட்சைக்குப் படித்ததுதான். வழக்கறிஞர் நேராகவோ சுற்றிவளைத்தோ வேலை கேட்டுப் போகக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது. சுற்றறிக்கை அனுப்புவது, தரகர் வைப்பது, தான் நடத்தும் வழக்கைப் பற்றிப் பத்திரிகையில் செய்தியோ படமோ வரவைப்பது எல்லாம் அதில் அடக்கம். பெயர்ப்பலகைகூட அளவாக இருக்க வேண்டும். இன்ன வழக்கில் கைதேர்ந்தவர் என்று அதில் எழுதக் கூடாது. 2008இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இணையதளம் வைத்துக்கொள்ளலாம். அதில் என்ன இருக்கலாம் என்பதற்கும் ஒரு பட்டியல் உண்டு: பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பதிவு எண், பதிவுசெய்த தேதி, எந்த பார் கவுன்சில், எந்தச் சங்கம், படிப்பு, எந்தத் துறை வழக்குகளை நடத்துகிறோம் என்பது. பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, அதன் ஒப்புதலோடு செய்ய வேண்டும் என்கிறது விதி. பலகையில் எழுதக் கூடாத துறையை இணையதளத்தில் எழுதலாம் என்பது வேடிக்கைதான். விதி அப்படித்தான் இருக்கிறது.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், யார் கேட்கிறார்கள் என்று ஏஜென்சிக்காரர் சொல்லியிருப்பார். கேட்டிருக்கிறார்கள். 2024 ஜூலை 3 அன்று நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, இணைய வழியாக விளம்பரம் செய்தும் வேலை கேட்டும் வரும் வழக்கறிஞர்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க மாநில பார் கவுன்சில்களுக்கு வழிகாட்டுதல் அனுப்பும்படி இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே மாதமே பார் கவுன்சிலும் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. வழக்கறிஞர்கள் சட்டம், 1961இன் 35ஆம் பிரிவில் கண்டிப்பும் உண்டு, சில காலம் தொழில் செய்யத் தடையும் உண்டு, பெயரையே பட்டியலிலிருந்து நீக்குவதும் உண்டு. ‘நம்பர் ஒன்’ என்று போட்டதற்கு யாராவது புகார் கொடுத்தால் நோட்டீஸ் உங்கள் இருவர் பெயருக்குத்தான் வரும். ஏஜென்சிக்குப் பதிவு எண் கிடையாது, இழப்பதற்கும் ஒன்றும் கிடையாது.

தபோல்கர் வழக்கு ஞாபகம் இருக்கிறதா? பம்பாய் மாஜிஸ்திரேட் கோர்ட் வாசலில் சில வக்கீல்கள் காத்து நின்று, வருகிறவர்களைப் பிடித்து இழுத்து, கையிலிருந்த காகிதத்தைப் பறித்து, தங்களுக்குள் அடிதடி வரைக்கும் போனார்கள். 1975இல் உச்ச நீதிமன்றத்தில் அந்த விவகாரத்தைப் பற்றி எழுதிய நீதிபதி கிருஷ்ணய்யர், சட்டம் வியாபாரமல்ல, வழக்குக் கட்டு விற்பனைச் சரக்குமல்ல என்றார். காசு கொடுத்துக் கூகுளில் முதல் வரியைப் பிடிப்பதும் அதே வாசலில் போய் நிற்பதுதான். சட்டையைப் பிடிப்பது மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

சரி, கட்டுரை எழுதுவது? 2008 பட்டியலில் கட்டுரை என்ற சொல் இல்லை. 1934இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், பத்திரிகைக் கட்டுரையின் கீழே தன்னை வழக்கறிஞர் என்று குறிப்பிட்டுக் கையெழுத்துப் போடுவதே தொழில் மரியாதையை அப்பட்டமாக மீறுவது என்றது. அந்த அளவுகோலை எடுத்தால் மாதாமாதம் இந்தப் பகுதியை எழுதும் நான் முதல் குற்றவாளி. இன்று அவ்வளவு கடுமையாக யாரும் பார்ப்பதில்லை. ஓய்வுபெற்ற நீதிபதிகள் முதல் நேற்றுப் பதிவுசெய்தவர்கள் வரை சட்டத்தைப் பற்றி எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். நான் கோடு கிழித்திருப்பது இப்படி: சட்டத்தை விளக்கலாம், என்னை விளக்கக் கூடாது. ‘செக் திரும்பினால் என்ன செய்வது’ என்று எழுதலாம். ‘செக் திரும்பியதா, எங்களை அழையுங்கள்’ என்று எழுதக் கூடாது. ஜெயித்த வழக்கு எண்ணிக்கை, கட்சிக்காரரின் பாராட்டுக் கடிதம், ஐந்து நட்சத்திரம், ‘முதல் ஆலோசனை இலவசம்’ எதுவும் வேண்டாம். கட்டுரையின் அடியில் பெயரும் ஊரும் போதும். வாசகருக்குத் தேவையென்றால் அவரே தேடி எடுத்துக்கொள்வார். பெரிய நிறுவனங்களின் தளத்தில் நுழையும்போது ஒரு பெட்டி குதித்து, ‘நீங்களாகவே விரும்பித்தான் வந்தீர்கள், நாங்கள் அழைக்கவில்லை’ என்று எழுதி ‘சம்மதம்’ கேட்குமே, அதை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். படிக்காமல் அமுக்கிவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே போகிறார்கள். பெட்டி இருக்கிறது என்பதற்காக உள்ளே பீற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

இந்தக் கட்டுப்பாடு எனக்கு நன்மையாகத்தான் முடிந்தது. பெருமையடிக்க வழியில்லாததால் விஷயத்தை எழுத வேண்டியதாயிற்று. என் ஆபீஸுக்கு எழுத்து வழியாக வந்தவர்களில் முதலாவது ஆளை மறக்கவே முடியாது. ஹார்டுவேர் கடைக்காரர், நத்தம் பக்கம். நாலாக மடித்த ஏ4 தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துத் தேய்த்து நிமிர்த்தினார். நான் எழுதிய கட்டுரையைப் பேரன் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறான். ‘30 நாள்’ என்ற இடத்தில் சிவப்புப் பேனாவால் மூன்று தரம் கோடு. “மெமோ வந்து இன்னிக்கு இருபத்தாறு நாள் ஆச்சு. மிச்சம் நாலு நாள் இருக்கா, இல்ல போச்சா?” என்றுதான் முதல் பேச்சே. வணக்கம்கூட அப்புறம்தான். அன்று சாயங்காலமே பதிவுத் தபாலில் நோட்டீஸ் போனது.

அவரை வரவழைத்தது அந்தக் கட்டுரையின் முதல் இரண்டு வரி. முதலில் நான் அதை எப்படி எழுதியிருந்தேன் தெரியுமா? “மாற்றுமுறை ஆவணங்கள் சட்டம், 1881இன் பிரிவு 138இன்கீழ் குற்றமாகக் கருதப்படத்தக்க வகையில் காசோலையொன்று மதிப்பிழக்குமாயின்…” என் குமாஸ்தா ஒரு பத்தி கேட்டுவிட்டு, “அம்மா, ஜட்ஜுக்கா எழுதுறீங்க?” என்றார். மாற்றி எழுதினேன்: “நீங்கள் வாங்கிய செக் பணமில்லாமல் திரும்பிவிட்டதா? வங்கி கொடுத்த மெமோ உங்கள் கைக்கு என்று வந்தது என்று முதலில் பாருங்கள். அன்றிலிருந்து 30 நாளுக்குள் பணம் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும்.” அதன் பிறகு, நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து செக் கொடுத்தவருக்கு 15 நாள் அவகாசம், அதிலும் கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். புகார் கொடுக்கத் தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம். நோட்டீஸ் அனுப்பத் தாமதமானதற்கு மன்னிப்பு கிடையாது. வக்கீலுக்கு இது பாலபாடம். கடைக்காரருக்கு இந்தக் கடைசி வரி லட்சக்கணக்கான ரூபாய்.

அதனால் என்ன எழுதுவது என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து ஜனங்கள் எந்த வார்த்தையில் கேட்கிறார்களோ அதை அப்படியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ‘பட்டா அண்ணன் பேர்ல இருக்கு, எனக்குப் பங்கு உண்டா?’ ‘பத்திரம் தொலைஞ்சுபோச்சு.’ ‘வில்லங்கம் போட்டுப் பாத்தா அடமானம் காட்டுது, கடன் கட்டியாச்சு.’ ‘எங்க அப்பா இறந்தது 2003ல, எனக்குப் பங்கு இல்லைன்னு தம்பி சொல்றான்.’ இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டுமே ஒரு முழுக் கட்டுரை எழுதலாம். தமிழ்நாட்டில் பெண்ணுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு 1989 மார்ச் 25இலிருந்தே வந்துவிட்டது, அதற்கு முன் கல்யாணமானவர்களுக்குத்தான் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் வந்த 2005 மத்தியத் திருத்தம் அந்த வேலியையும் எடுத்தது. திருத்தம் வந்த அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சண்டையை 2020 ஆகஸ்ட் 11இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேண்டியதில்லை என்று முடித்தது. இதைச் சாதாரணத் தமிழில், பாகப்பிரிவினைப் பத்திரம் 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவாகியிருந்தால் கதை வேறு என்ற எச்சரிக்கையோடு எழுதிப் பாருங்கள். ஒரு கேள்விக்கு ஒரு கட்டுரை. மாதத்துக்கு இரண்டு போதும். இருபதெல்லாம் இரண்டு வக்கீல்கள் எழுதக்கூடிய கணக்கே இல்லை. யாரோ எங்கிருந்தோ இயந்திரத்தில் சுட்டு எடுத்த தோசையாகத்தான் இருக்கும். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள், சாட்ஜிபிடி கற்பனையாகக் கொடுத்த தீர்ப்புகளைச் சரிபார்க்காமல் கோர்ட்டில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். உங்கள் பெயரில் வரும் கட்டுரையில் இல்லாத தீர்ப்பு ஒன்று இருந்தால், அதை முதலில் கண்டுபிடிப்பவர் எதிர்த்தரப்பு வக்கீலாகத்தான் இருப்பார்.

இப்போது நான் பட்ட சூட்டைச் சொல்கிறேன். தொடங்கிய இரண்டாம் வருடம், ஒரு பாகப்பிரிவினை வழக்கை வைத்து எழுதினேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், வருடத்தைக்கூட மாற்றினேன். ஆனால் ‘கிணற்றோடு சேர்ந்த ஏழு சென்ட் புளியந்தோப்பு, அதற்கு மூன்று அக்கா தங்கைகள்’ என்பதை மாற்றவில்லை. கட்டுரைக்கு அதுதான் ருசி என்று நினைத்தேன். பத்து நாளில் அந்த அம்மா வந்தார். உட்காரவில்லை. கைபேசியை என் மேசையில் வைத்து, “எங்க சித்தப்பா மகன் அனுப்பியிருக்கான். கேஸ்ல நீ வக்கீல்கிட்ட சொன்னதெல்லாம் ஊருக்கே தெரியுதேன்னு கேக்குறான்” என்றார். குரலை உயர்த்தவே இல்லை, திட்டியிருந்தால் தேவலை. கட்டுரையை அவர் முன்னாலேயே அழித்தேன். வழக்கைத் தொடர்ந்து நடத்தச் சொன்னார், நடத்தினேன். ஆனால் அதற்குப் பிறகு எந்த விவரத்தையும் முன்போல் என்னிடம் மனம்விட்டுச் சொன்னதில்லை.

கட்சிக்காரர் சொன்னதை வெளியில் சொல்லக் கூடாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தில் 126, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 132. நீங்கள் குடும்ப வழக்கும் நடத்துகிறீர்கள். இந்துத் திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, அந்தச் சட்டத்தின்கீழ் நடக்கும் நடவடிக்கையைப் பற்றி அச்சிடுவதையும் வெளியிடுவதையுமே தடுக்கிறது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அந்தக் கோர்ட்டின் முன் அனுமதியோடு வெளியிடுவது மட்டும் விதிவிலக்கு. அதனால் இப்போது நான் என் வழக்குகளைத் தொடுவதே இல்லை. வெளிவந்த தீர்ப்பு, அல்லது முழுக்க முழுக்க நானே கட்டிய ‘ஒருவர் இன்னொருவருக்கு வீட்டை எழுதிக் கொடுத்தார்’ ரகக் கதை. ருசி கொஞ்சம் குறைவுதான். திண்டுக்கல் மாதிரி ஊரில் ஏழு சென்ட் தோப்பு யாருடையது என்று பஸ் ஸ்டாண்ட் டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள்.

எழுதியதோடு வேலை முடிவதில்லை என்பது இன்னொரு தலைவலி. சட்டம் மாறும், கட்டுரை அப்படியே கிடக்கும். 2024 ஜூலை 1இலிருந்து இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது, 420 என்று நான் எழுதியிருந்த இடமெல்லாம் 318 ஆயிற்று. குற்றவியல் நடைமுறைச் சட்டமும் அன்றே மாறியதால், ஜீவனாம்சத்துக்கு 125 என்று மனப்பாடமாக இருந்தது 144 ஆயிற்று. எண் மாறுவதாவது பரவாயில்லை. வயதான பெற்றோர் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த தான செட்டில்மென்டை 2007ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) ரத்து செய்ய முடியுமா என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்ததாகக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இறுக்கமாகச் சொன்னது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில், முதியவர்களின் நலனுக்கு வந்த சட்டம், தாராளமாகத்தான் பொருள்கொள்ள வேண்டும் என்றது. 2023இல் நான் எழுதிய கட்டுரையைப் படித்த ஒரு தாத்தா, நமக்கு வழியில்லை என்று வீட்டிலேயே இருந்திருக்கலாம். அதனால் ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் தேதி போடுங்கள். ஜூன் மாதமும் டிசம்பர் மாதமும் ஒரு ஞாயிறு ஒதுக்கிப் பழையதையெல்லாம் படித்துத் திருத்துங்கள். திருத்த முடியாததைத் தூக்கிவிடுங்கள்.

எழுதத் தொடங்கினால் கட்டுரையைப் படித்துவிட்டுக் கேள்விகள் வரும். இரவு பதினொன்றுக்கு வாட்ஸாப்பில் எட்டுப் பக்க பத்திரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பி, ‘சார் இது செல்லுமா’ என்பார்கள். இரக்கப்பட்டு நீங்கள் பதில் சொல்லிவிட்டீர்கள் என்று வையுங்கள். அடுத்த மாதம் அவருடைய பங்காளி உங்கள் ஆபீஸுக்கு வந்து வக்காலத்து கொடுக்கிறார். ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்ன வழக்கறிஞர் அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்பது பார் கவுன்சிலின் 33ஆம் விதி. சின்ன ஊரில் இது அபூர்வமாக நடக்கும் சங்கதி அல்ல. எனவே இணையத்தில் பொதுவான பதில் மட்டும். ‘ஆவணங்களை நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது’ என்ற வரியைத் தயாராக எழுதி வைத்து அதையே அனுப்புங்கள். நேரில் வரச் சொல்வதற்கு முன் இரு தரப்புப் பெயரையும் கேட்டு ஒரு நீள நோட்டில் பதியுங்கள். நண்பரும் நீங்களும் ஒரே நோட்டைப் பார்க்க வேண்டும், ஆளுக்கொரு நோட்டு கூடாது.

தொழில்நுட்பம் பெரிய விஷயமில்லை. இணைய முகவரியை உங்கள் சொந்தப் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் வாங்குங்கள். வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம் ஆகும். எனக்குத் தெரிந்த ஒருவர் அதை வடிவமைப்பாளரின் பெயரில் வாங்கவிட்டார். அவரோடு மனத்தாங்கல் வந்ததும் நாலு வருடக் கட்டுரையும் போயிற்று. முகவரியில் ‘சிறந்த’, ‘முன்னணி’ எதுவும் வேண்டாம், உங்கள் இருவர் பெயரே போதும். தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் செக் கேஸைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வத்தலக்குண்டிலும் ஒட்டன்சத்திரத்திலும் இருந்து தேடுகிறவர் தமிழில்தான் தேடுகிறார், பாதி நேரம் பேசித் தேடுகிறார். அதனால் ‘காசோலை அவமதிப்பு’ என்று ஒரு தரம் எழுதினால் ‘செக் ரிட்டர்ன்’ என்று மூன்று தரம் எழுதுங்கள்.

எப்போது பலன் தெரியும் என்று கேட்பீர்கள். எனக்கு முதல் எட்டு மாதத்தில் வந்தது மூன்றே அழைப்பு. அதில் ஒன்று இன்ஷூரன்ஸ் விற்க வந்தது. நான் எதிர்பார்க்காமல் நடந்தது வேறு: மற்ற வக்கீல்கள் படித்தார்கள். உசிலம்பட்டியில் இருக்கும் ஒருவர், தனக்குப் பழக்கமில்லாத மூத்த குடிமக்கள் மனுவை என்னிடம் அனுப்பினார். பத்திர எழுத்தர் ஒருவர் என் கட்டுரையைப் பிரிண்ட் போட்டுக் கடைச் சுவரில் ஒட்டியிருந்தார். அவருக்கு நான் கமிஷன் தரவில்லை, நீங்களும் யாருக்கும் தராதீர்கள்; 36ஆம் விதி தரகர் என்று சொல்வது அதைத்தான். உங்கள் சீனியருக்கும் இரண்டு கட்டுரையைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். சிவப்பு மையில் திருத்துவார். ஏழு வருடம் அவரிடம் வாங்கிய திருத்தத்தைவிட அது உபயோகமாக இருக்கும்.

கவுன் போட்டோ. கவுனையும் கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டையையும் கோர்ட்டுக்கு வெளியே பொது இடத்தில் அணியக் கூடாது என்று தனி விதியே இருக்கிறது, விசேஷச் சடங்குகள் தவிர. கோர்ட் வளாகத்தைப் பின்னணியாக வைத்து எடுப்பதும் வேண்டாம். பாஸ்போர்ட் அளவில் சாதாரணச் சட்டையில் ஒன்று இருந்தால் போதும். அதுவும் தொடர்பு விவரம் உள்ள பக்கத்தில் மட்டும் இருக்கட்டும்.